டி.கே.ஏ. குழந்தைக்கு டிரிப்: எந்த மருத்துவமனையிலும் ஒரே கணக்கு

குடியாத்தத்திலோ அணைக்கட்டிலோ முதல் டிரிப் போடப்பட்டு, 108 வண்டியில் வேலூர் அருகே அடுக்கம்பாறையில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பப்படும் குழந்தைக்கு இரண்டு இடங்களிலும் தனித்தனியே முழு அளவு திரவம் ஏற்றப்பட்டுவிடக்கூடும். ஆகவே இன்சுலின் பற்றாக்குறையால் கீட்டோன் என்னும் அமிலப் பொருள் இரத்தத்தில் சேரும் நிலையான டி.கே.ஏ.வுக்கான (நீரிழிவுக் கீட்டோ அமிலத்துவம்) திரவ சிகிச்சையைச் சீராக்க முனைவோர், கணக்கும் கொடுத்த அளவும் ஒரே தாளில் பதிவாகி, அத்தாள் குழந்தையுடனேயே செல்லும்படி முதலில் ஏற்பாடு செய்ய வேண்டும்.

வாந்தியுடன் மூச்சு வாங்கும் குழந்தையை ஆஸ்துமா என்று எண்ணிவிடாமல், நுழைவிலேயே குளுக்கோமீட்டரில் பார்த்துவிட வேண்டும். சர்க்கரை 200 மி.கி.க்கு மேல் இருந்து, கீட்டோனும் காணப்பட்டு, இரத்தத்தின் அமிலநிலையைக் காட்டும் பி.எச். 7.3க்கோ பைகார்பனேட் 18க்கோ கீழே இருந்தால் டி.கே.ஏ. உறுதி. எடையைத் தாயிடம் கேட்டு எழுதாமல் தராசில் நிறுத்தே எழுத வேண்டும். பின்வரும் கணக்கு முழுவதும் அந்த ஒரே எண்ணைச் சார்ந்தது.

20 கிலோ எடையுள்ள, நடுத்தர அளவு நீரிழப்புள்ள, அதிர்ச்சி நிலையில் (ஷாக், அதாவது இரத்த ஓட்டம் குன்றிய நிலை) இல்லாத குழந்தையை எடுத்துக்கொள்வோம். கிலோவுக்கு 10 மி.லி. வீதம் 200 மி.லி. நார்மல் சலைனை அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். நீரிழப்பு எடையில் 7 சதவீதம் என்றால் 1400 மி.லி.; அதில் ஏற்றிய 200 போக மீதி 1200. அன்றாடத் தேவை நாளைக்கு 1500 வீதம் இரண்டு நாளுக்கு 3000. ஆக 4200 மி.லி.யை 48 மணி நேரத்தில் பரப்பினால் மணிக்கு ஏறத்தாழ 88 மி.லி. வரும். பம்ப் இல்லாத இடத்திலும் கவலையில்லை: ஒரு மி.லி.க்கு 60 சொட்டு விழும் மைக்ரோடிரிப் செட்டில் மணிக்கு எத்தனை மி.லி.யோ, நிமிடத்துக்கு அத்தனை சொட்டுதான். அதிர்ச்சி நிலையில் இருந்தால் மட்டும் கிலோவுக்கு 20 மி.லி. விரைவாகத் தர வேண்டும். அதை நீரிழப்புக் கணக்கில் கழிக்கக் கூடாது.

டிரிப்பை வேகமாக ஏற்றுவதா நிதானமாக ஏற்றுவதா என்ற பழைய சர்ச்சைக்காக யாரும் தங்கள் வழக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் 13 மையங்களில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், டிரிப்பின் வேகமோ சலைனின் செறிவோ நரம்பியல் விளைவுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாட்டை உண்டாக்கவில்லை. எனவே ஒரு முறையைத் தேர்ந்து அனைவரும் அதையே பின்பற்றுவதில் தயக்கம் தேவையில்லை.

சிறுநீர் பிரிந்து, பொட்டாசியம் 5.5க்கு மேல் இல்லாதபோது, ஒவ்வொரு 500 மி.லி. பாட்டிலிலும் 20 மில்லி ஈக்விவலன்ட் உள்ள 10 மி.லி. பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூல் ஒன்றைச் சேர்த்துப் பலமுறை கவிழ்த்துக் கலக்க வேண்டும். இம்மருந்தைக் கலக்காமல் நேரடியாக இரத்த நாளத்தில் ஏற்றுவது உயிருக்கே ஆபத்து. திரவம் தொடங்கி ஒரு மணி நேரமாவது கழிந்த பின்னரே கிலோவுக்கு மணிக்கு 0.05 முதல் 0.1 யூனிட் இன்சுலின் தொடங்கலாம். பொட்டாசியம் குறைவாக இருந்தால் அதை முதலில் சரிசெய்ய வேண்டும். நம்மூரில் மி.லி.க்கு 40 யூனிட் உள்ள இன்சுலின் குப்பியும் 100 யூனிட் அளவுக்கான சிரிஞ்சும் ஒரே டிரேயில் கிடப்பதுண்டு என்பதால், இரண்டின் அளவும் பொருந்துகிறதா என்று இருவர் சரிபார்ப்பது நலம். சர்க்கரை 300க்குக் கீழ் இறங்கியதும் இன்சுலினை நிறுத்தாமல், பொட்டாசியம் கலந்த டி.என்.எஸ். (டெக்ஸ்ட்ரோஸ் சர்க்கரை சேர்ந்த சலைன்) பாட்டிலுக்கு மாற்ற வேண்டும்.

சர்க்கரை, நாடித்துடிப்பு, உணர்வுநிலை, ஏறிய திரவம், பிரிந்த சிறுநீர் ஆகியவற்றை மணிக்கொருமுறை குறிக்க வேண்டும். தலைவலி, புதிய மயக்கம், நாடி மந்தமாதல் ஆகியவை மூளை வீக்கத்தின் அறிகுறிகளாக இருக்கலாம்; அப்போது ஸ்கேனுக்காகக் காத்திராமல் அவ்வீக்கத்தைக் குறைக்கும் மானிட்டால் மருந்தைக் கிலோவுக்கு அரை முதல் ஒரு கிராம் தர வேண்டும். நம் குழந்தைக்கு அது 20 சதவீதக் கரைசலில் 50 முதல் 100 மி.லி. ஆகும் என்பதை எடை எழுதும்போதே தாளின் தலைப்பில் எழுதிவிடலாம். ஏசி அறையில் மானிட்டால் படிகம் கட்டிவிடும் என்பதால், பாட்டில் தெளிவாக இருக்கிறதா என்பதை ஷிப்ட் மாறும்போதெல்லாம் பார்த்து வைக்க வேண்டும்.