உணவு அலர்ஜி: சாப்பிட்டதோடு மணியையும் எழுதுங்கள்

"ஒத்துக்கவில்லை" என்று நாம் சொல்லும் ஒரே வார்த்தைக்குள் இரண்டு வேறு கோளாறுகள் இருக்கின்றன. பால் குடித்தால் வயிறு உப்பிப் பேதியாவது, பெரும்பாலும் லாக்டோஸைச் செரிக்கும் நொதி குறைவதால். அது அளவைப் பொறுத்தது. அரை டம்ளர் தாங்கும், இரண்டு டம்ளர் தாங்காது. அலர்ஜி என்பது பாலின் புரதத்தை உடம்பின் எதிர்ப்பாற்றல் எதிரியாக எடுத்துக்கொள்வது. அதற்கு ஒரு வாய்கூடப் போதும்.

இரண்டையும் பிரித்துக்காட்ட நல்ல துப்பு நேரம்தான். உடனடி வகை அலர்ஜி சில நிமிடங்களிலிருந்து 2 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும்: உதடு, நாக்கில் அரிப்பு, தோலில் தடிப்பு, கண்ணிமை வீக்கம், வாந்தி, மூச்சு இழுப்பு. தாமதமாக வருவதும் உண்டு. உண்ணி கடித்ததால் வரும் மாட்டு, ஆட்டு இறைச்சி அலர்ஜி 3 முதல் 6 மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டும். எனவே என்ன சாப்பிட்டோம், என்ன ஆனது என்று எழுதிவைக்கும் நாட்குறிப்பில் மணி இல்லாத வரி பாதி வீண். ஒரு பதிவு இப்படி இருக்கலாம்:

செவ்வாய். இரவு 7.00: தலைவலிக்கு ஐபுப்ரோஃபென். 8.10: நூடுல்ஸ் (இறால் 6, முட்டை, சோயா சாஸ்). 8.25: உள்ளங்கை அரிப்பு. 8.40: கழுத்தில் நான்கு இடத்தில் தடிப்பு, படம் எடுத்தாயிற்று. 10.30: தானாக அடங்கியது.
புதன். காலை 9.00: ஆம்லெட், 2 முட்டை. ஒன்றும் இல்லை.

புதன்கிழமை வரியைத்தான் பலரும் எழுதாமல் விடுகிறார்கள். சந்தேகப் பட்டியலிலிருந்து முட்டையை ஏறக்குறைய அடித்துவிட்டது அதுதான். மாத்திரையைக் குறித்ததற்கும் காரணம் உண்டு. ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரை, மது, கடும் உடற்பயிற்சி, காய்ச்சல் ஆகியவை அலர்ஜியைத் தூண்டிவிடலாம். கோதுமை சாப்பிட்டுவிட்டு ஓடினால் மட்டும் தடிப்பு வருபவர்கள் இருக்கிறார்கள். ஓடாத நாளில் அதே கோதுமை ஒன்றும் செய்யாது. பச்சையா, வேகவைத்ததா என்பதும் தேவை. மகரந்த அலர்ஜி உள்ள சிலருக்குப் பச்சை ஆப்பிள் வாயில் அரிக்கும், வேகவைத்தது அரிக்காது.

"பிஸ்கட்" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. உறையின் பின்பக்கத்தைப் படம் எடுங்கள். கேசீன், வே என்று போட்டிருந்தால் அதுவும் பால்தான்.

நிறுத்திப் பார்ப்பதில்தான் தவறு அதிகம். மூன்று உணவுகளை ஒரே நாளில் நிறுத்தி, மூன்றையும் ஒரே நாளில் திருப்பிச் சேர்த்தால் எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது. தாமதமான, லேசான தொல்லைக்கு மட்டும், மருத்துவரிடம் சொல்லிவிட்டு, ஒன்றை 2 முதல் 4 வாரம் நிறுத்தி மறுபடி சேர்த்துப் பாருங்கள். தடிப்பு, வீக்கம், இழுப்பு என உடனடியாக வந்தவர்கள் வீட்டில் சோதிக்கவே கூடாது. அது மருத்துவமனையில் சிறுகச் சிறுகக் கொடுத்துப் பார்க்கும் சோதனை. கைக்குழந்தைக்கும் சொந்த முடிவில் பாலை நிறுத்தாதீர்கள்.

தோல் தடிப்போடு வாந்தியும் சேர்ந்தாலோ, குரல் கம்மினாலோ, மூச்சு திணறினாலோ, மயக்கம் வந்தாலோ நாட்குறிப்பை வைத்துவிடுங்கள். அட்ரினலின் ஊசியை (கடும் அலர்ஜிக்கான அவசர மருந்து) தொடையின் வெளிப்பக்க நடுவில் போட்டு, படுக்கவைத்துக் காலை உயர்த்தி, ஆம்புலன்ஸை அழையுங்கள். மூச்சு திணறுபவர் உட்காரலாம். எழுந்து நடக்கக் கூடாது. 5 நிமிடத்தில் தேறாவிட்டால் இரண்டாவது ஊசி. அரிப்பு மாத்திரை இதற்கு ஈடாகாது. தேறிய பிறகும் சில மணி நேரம் கழித்துத் திரும்ப வரலாம் என்பதால் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்.

தோல் குத்துச் சோதனையில் 15–20 நிமிடத்தில் முடிவு தெரியும். அரிப்பு மாத்திரை அதைக் கெடுக்கும் என்பதால் சுமார் ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள்; ஐஜிஇ (உடனடி அலர்ஜியைக் கிளப்பும் எதிர்ப்பொருள்) ரத்தச் சோதனைக்கு அந்தத் தொல்லை இல்லை. எதில் பாசிட்டிவ் வந்தாலும் நாட்குறிப்போடு ஒப்பிடாமல் உணவை விலக்காதீர்கள். ஒன்றும் ஆகாமல் சாப்பிடுபவருக்கும் பாசிட்டிவ் வரும். நூறு உணவுக்கு ஐஜிஜி (வேறொரு வகை எதிர்ப்பொருள்) பார்க்கிறோம் என்று விற்கப்படும் சோதனைக்குப் பணம் கட்டவே வேண்டாம். அந்த உணவை நீங்கள் சாப்பிட்டு வருகிறீர்கள் என்பதைத்தான் அது பெரும்பாலும் காட்டும்.