குடும்பத்தோடு போக எந்தக் கேனோ?

மதுரையில் இருந்துகொண்டு கேனோ (துடுப்புப் போட்டு ஓட்டும் நீளமான சின்னப் படகு) வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது எடையைத்தான். ஊருக்குள் வைகை பெரும்பாலும் வறண்டே கிடக்கிறது. ஆலப்புழா காயல் மாதிரி இடங்களுக்குப் படகைக் காரின் மேல் கட்டித்தான் கொண்டுபோக வேண்டும். பிளாஸ்டிக் படகு அடி தாங்கும், ஆனால் பெரும்பாலும் 30 கிலோவுக்கு மேல் இருக்கும், தூக்க ரெண்டு ஆள் வேண்டும். கெவ்லார் என்ற உறுதியான செயற்கை இழையில் செய்த படகு ரொம்ப லேசு, விலைதான் கையைக் கடிக்கும்.

பிள்ளைகளோடு போக 16 அடி நீளம், 3 அடி அகலம், தட்டையான அடிப்பகுதி போதும். சின்னவன் திரும்பி உட்கார்ந்தாலும் அவ்வளவாக ஆடாது. நாள்கணக்கில் தூரம் போவதற்கு 17, 18 அடியில், கொஞ்சம் ஒடுங்கலாக, அடிப்பகுதி லேசாக வளைந்திருப்பதுதான் நல்லது. நேராக ஓடும், கை சீக்கிரம் சலிக்காது. ரெண்டுக்கும் ஒன்றே என்றால் என் ஓட்டு 17 அடிக்கு.

ஆட்கள், சாப்பாட்டுக் கூடை, தண்ணீர்க் கேன் எல்லாம் ஏற்றிய பிறகும் படகின் நடு விளிம்பு தண்ணீருக்கு மேல் அரை அடியாவது நிற்க வேண்டும். குறைந்தால் சுமையை இறக்கிவிடுங்கள்.

அப்புறம், லைஃப் ஜாக்கெட். பிள்ளைக்கு மாட்டி, பட்டைகளை இறுக்கி, தோள்பக்கம் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது பெரிய அளவு, மாற்றிவிடுங்கள்.