தோட்டத்து ரோட்டுக்கு யாரிடம் கேட்பது? பிரதேச சபையிடம் வேலை வாங்கும் முறை

நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. இலங்கை மலையகத்தில் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் பெட்டிசம் எழுதிக் கொடுக்கிறேன். வருகிறவர்கள் பலரும் ஏற்கெனவே அனுப்பிய ஒரு கடிதத்தின் பிரதியையும் கொண்டுவருவார்கள். ஜனாதிபதிக்கு ஒன்று, அமைச்சருக்கு ஒன்று, எம்.பி.க்கு ஒன்று என்று போயிருக்கும். கேட்டிருப்பதோ லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, பின்னால் உடைந்து கிடக்கும் காணை, அந்தத் தண்ணீர் வடிகாலை, கட்டித் தரச் சொல்லி. கொழும்பில் அந்தக் கடிதத்தைத் திறப்பவருக்கு அந்தக் காணைக் கட்டுகிற அதிகாரம் கிடையாது. அதிகாரம் இருக்கும் பிரதேச சபை அலுவலகமோ பஸ் ஏறினால் அரை மணித்தியாலத்தில் போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறது. எங்கே, எப்படி, எப்போது கேட்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அதிகாரம் எப்படிப் பிரிந்திருக்கிறது என்று பார்ப்போம். 1987 நவம்பரில் வந்த 13ஆவது திருத்தம் அரசியலமைப்பில் ஒன்பதாவது அட்டவணையைச் சேர்த்தது. அதில் மூன்று பட்டியல்கள் உண்டு: மாகாண சபைக்கு உரியவை, மத்திய அரசு தன் கையில் வைத்துக்கொண்டவை, இரண்டுக்கும் பொதுவானவை. உள்ளூராட்சி, அதாவது மாநகர, நகர, பிரதேச சபைகள், மாகாணப் பட்டியலில் வருகிறது. ஆனால் அதே இடத்தில் ஒரு நிபந்தனையும் எழுதப்பட்டிருக்கிறது. மாகாண சபை உள்ளூராட்சி மன்றங்களுக்குக் கூடுதல் அதிகாரம் கொடுக்கலாம், ஏற்கெனவே உள்ளதைப் பறிக்க முடியாது. இதை நம் ஆட்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பிரதேச சபையின் அதிகாரம் யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்தது அல்ல. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் கொடுத்தது.

மத்திய மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013இல். அதன் காலம் 2018இல் முடிந்தது. அதற்குப் பிறகு மாகாணத்தின் அதிகாரத்தை ஆளுநரே செலுத்துகிறார். உள்ளூராட்சி மன்றங்களும் 2023 மார்ச்சில் கலைந்து, 2025 மே 6ஆம் திகதித் தேர்தல் வரை உறுப்பினர்கள் இல்லாமல் கிடந்தன. இன்று நம் வாக்கில் தெரிவாகி நமக்கு மிகக் கிட்டத்தில் இருக்கும் ஒரே மன்றம் பிரதேச சபைதான். அதை விட்டுவிட்டுக் கொழும்புக்கு எழுதுவது எனக்கு மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

உங்கள் சபை எது என்று உறுதியாகத் தெரிந்துகொள்ளுங்கள். நுவரெலியா மாவட்டத்தில் 12 உள்ளூராட்சி மன்றங்கள் இருக்கின்றன: நுவரெலியா மாநகர சபை, ஹட்டன்-டிக்கோயா மற்றும் தலவாக்கலை-லிந்துலை நகர சபைகள், மீதி ஒன்பதும் பிரதேச சபைகள். 2018 தேர்தலுக்கு முன் இந்த ஒன்பது ஐந்தாக இருந்தது. நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு சபைகள் மட்டும் ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டு லட்சம் மக்களைச் சுமந்துகொண்டிருந்தன. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு நுவரெலியாவிலிருந்து கொட்டகலையும் அக்கரப்பத்தனையும், அம்பகமுவவிலிருந்து நோர்வூட்டும் மஸ்கெலியாவும் பிரிந்தன. இன்னும் பழைய சபைக்கே கடிதம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஹட்டன் டவுனில் கடை வைத்திருப்பவருக்கு நகர சபை. டவுன் எல்லை தாண்டினால் பிரதேச சபை. சந்தேகம் இருந்தால் வாக்காளர் இடாப்பில் உங்கள் வட்டாரம் எதுவென்று கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

பிரதேச சபையும் பிரதேச செயலகமும் ஒன்றல்ல. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் இதில் தடுமாறாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பிரதேச செயலகம் மத்திய அரசின் கை. கிராம உத்தியோகத்தர், பிறப்பு இறப்புப் பதிவு, கொடுப்பனவுகள், காணி வேலைகள் எல்லாம் அங்கே, அதற்கு மேலே கச்சேரி என்கிற மாவட்டச் செயலகம். பிரதேச சபைக்குத் தவிசாளர், நாம் தெரிவுசெய்த உறுப்பினர்கள், அலுவலகத்தை நடத்த ஒரு செயலாளர். சபையின் சொந்த ரோடு, காண், தெருவிளக்கு, குப்பை, பொதுச் சந்தை, மயானம், நூலகம், விளையாட்டு மைதானம், சிறிய குடிநீர்த் திட்டம், கட்டட அனுமதி, இவையெல்லாம் சபையின் வேலை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏ, பீ என்று தொடங்கும் ரோடுகள், நம் அவிசாவளை-ஹட்டன்-நுவரெலியா ஏ7 உட்பட, வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. சீ, டீ ரோடுகள் மாகாணத்துக்கு. தேசியப் பாடசாலை தவிர்ந்த பள்ளிக்கூடங்களும் மாகாணத்துக்கு. லயத்துக் கூரை தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. மண்சரிவு அபாயம் என்றால் கிராம உத்தியோகத்தர் வழியாகப் பிரதேச செயலகத்துக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் அறிவிக்க வேண்டும், அதற்கு சபையின் பதிலைக் காத்துக்கொண்டிருக்கக் கூடாது. மின்கம்பம் மின்சாரம் வழங்கும் நிறுவனத்துடையது, அதில் எரியும் தெருவிளக்கு உள்ளூராட்சி மன்றத்துடையது. விளக்குக் கேட்டு எழுதும்போது கம்பத்தில் இருக்கும் இலக்கத்தையும் எழுதிவிடுங்கள், அவர்களுக்கு வேலை பாதி குறையும்.

இனி, நம் மக்களை இத்தனை வருடமும் வாசலிலேயே திருப்பி அனுப்பிய பதிலுக்கு வருகிறேன். "அது தோட்டம், நாங்க செய்ய ஏலாது." இந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமை போனது. அதோடு வாக்கும் போனது. பிறகு குடியுரிமை திரும்பி, வாக்கும் கிடைத்து, சபைகளில் நம் ஆட்கள் உறுப்பினர்களாகவும் தவிசாளர்களாகவும் உட்கார்ந்தார்கள். அப்படி இருந்தும் சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புக்குச் செலவழிக்க 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் தெளிவான வழி இருக்கவில்லை. தோட்டத்து வாக்கில் வென்றவர் தோட்டத்துக்குள் ஒரு மதகு கட்ட முடியாமல் நின்றார். 2018இல் அந்தச் சட்டத்தின் 33ஆம் பிரிவு திருத்தப்பட்டது. தோட்ட நிர்வாகத்தோடு கலந்து பேசி, தோட்டக் குடியிருப்புகளுக்கும் சபை தன் நிதியில் வசதி செய்து கொடுக்கலாம் என்று ஆனது. ஆகவே இன்று யாராவது அந்தப் பழைய பதிலைச் சொன்னால் சண்டை பிடிக்க வேண்டாம். "2018ஆம் ஆண்டுத் திருத்தம் வந்த பிறகும் ஏலாது என்றால், காரணத்தை எழுத்தில் தாருங்கள்" என்று மரியாதையாகக் கேளுங்கள். எழுத்தில் தருவதற்கு முன் சட்டத்தை எடுத்துப் பார்ப்பார்கள்.

நிர்வாகத்தோடு, அதாவது துரை என்கிற தோட்ட முகாமையாளரோடு, கலந்து பேச வேண்டும் என்ற இடத்தில்தான் பல வேலைகள் சிக்கிக்கொள்கின்றன. போன மாரியில் ஒரு தோட்டத்துக் கீழ்க்கணக்கிலிருந்து, அதாவது கீழ்ப் பிரிவிலிருந்து, இரண்டு பெண்கள் வந்தார்கள். மெயின் ரோட்டிலிருந்து லயத்துக்கு இறங்கும் பாதை அறுத்துப்போய், பிள்ளைத்தாய்ச்சியை ஆட்டோவில் ஏற்ற முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார்களாம்.

"டீச்சர், சபையில கேட்டா தொரை கடிதம் வேணுங்கிறாங்க. தொரைகிட்ட போனா கம்பெனிய கேக்கணுங்கிறாரு."

"தொரை சொல்றது பொய்யில்ல அம்மா. ஆனா கம்பெனிகிட்ட அவர்தான் கேக்கணும், நீங்க இல்ல. நம்ம எழுத்துல கேப்போம்."

நிலைமை இதுதான். தோட்டங்களின் நிலம் பெரும்பாலும் அரசுடையது. 1992 முதல் நிர்வாகத்தைக் கம்பெனிகள் எடுத்து நடத்துகின்றன, நிலம் அவர்களிடம் குத்தகைக்கு இருக்கிறது. ஆகவே துரை தலைமை அலுவலகத்தைக் கேட்க வேண்டியிருக்கலாம். நீங்கள் செய்ய வேண்டியது, துரைக்கு ஒரு கடிதம் கொடுத்து, அதன் பிரதியில் தோட்ட ஆபீஸில் திகதியும் கையெழுத்தும் வாங்குவது. கடிதத்தில் "பாதையைத் திருத்த ஆட்சேபனை இல்லை" என்ற ஒரு வரியை மட்டும் கேளுங்கள். பாதையை சபைக்கு ஒப்படைக்கச் சொல்லி முதல் கடிதத்திலேயே கேட்டால் நிர்வாகம் பின்வாங்கும். ஒரு பாதையை சபையின் பாதையாக ஏற்று வர்த்தமானியில் (அரசிதழில்) போடுவது பெரிய வேலை. அதுவும் வேண்டும், தனியாகத் தொடங்குங்கள். வர்த்தமானியில் வந்த பாதைக்கு ஒவ்வொரு முறையும் துரையின் கடிதம் தேவைப்படாது.

இப்போது பெட்டிசம். ஒரு கடிதத்தில் ஒரு வேலை. ரோடு, விளக்கு, மைதானம், குப்பை என்று நாலையும் ஒரே தாளில் எழுதினால் அது எந்த மேசையில் நிற்பது என்று தெரியாமல் சுற்றும். தவிசாளருக்கு எழுதி, செயலாளருக்கும் வட்டார உறுப்பினருக்கும் பிரதி போடுங்கள். நான் எழுதிக் கொடுப்பது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"தவிசாளர் அவர்கட்கு. எங்கள் தோட்டத்தின் கீழ்க்கணக்கில் பிரதான வீதியிலிருந்து இரண்டாம் லயம் வரை செல்லும் பாதை, சுமார் 180 மீற்றர், மழைநீர் ஓடி அரிக்கப்பட்டுள்ளது. இப்பாதையை 46 குடும்பங்களும் சிறுவர் நிலையப் பிள்ளைகளும் பயன்படுத்துகின்றனர். ஓரக் காண் அமைத்து, முதல் 60 மீற்றருக்குக் கொங்கிறீட் இட்டுத் தருமாறு கேட்கிறோம். இடத்தைப் பார்வையிட்டு மதிப்பீடு செய்யத் தொழில்நுட்ப உத்தியோகத்தரை அனுப்பிவைக்கவும். தோட்ட நிர்வாகத்துக்கு நாம் கொடுத்த கடிதத்தின் பிரதி இத்துடன் உள்ளது."

அழுகை இல்லை, புகழ்ச்சி இல்லை. நீளம், குடும்பத் தொகை, கேட்கும் வேலை, அவ்வளவுதான். நீளத்தை நீங்களே நாடா பிடித்து அளந்துவிடுங்கள். மழை பெய்து தண்ணீர் ஓடும்போது எடுத்த போட்டோ இரண்டு வையுங்கள், வெயிலில் எடுத்த படத்தில் எந்தப் பாதையும் நல்ல பாதையாகத்தான் தெரியும். கடிதம் தமிழில் இருக்கட்டும். நாட்டின் எந்தப் பகுதியிலும் அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பில் உண்டு. சிங்களத்தில் எழுத ஆள் தேடிக் காசு கொடுக்க வேண்டாம்.

கையெழுத்து விஷயத்தில் நான் கண்டிப்பானவள். ஒரே தோட்டத்தில் மூன்று நான்கு சங்கம் இருக்கும். ஒரு சங்கத்துத் தலைவர் மட்டும் ஒப்பமிட்ட கடிதம் சபைக்குள் கட்சிக் கடிதமாகிவிடும். எல்லாச் சங்கத்து ஆட்களின் கையெழுத்தும் வாங்குங்கள், பெண்களின் கையெழுத்தை முதலில் வாங்குங்கள், ஏனென்றால் அந்தப் பாதையில் கொழுந்துச் சாக்கோடு நடப்பவர்கள் அவர்கள். வட்டாரத்தில் இல்லாமல் கட்சிப் பட்டியலில் தெரிவான உறுப்பினர்களையும் விட்டுவிடாதீர்கள். சபைகளில் 25 வீதம் பெண்களுக்கு என்ற ஏற்பாட்டில் வந்தவர்கள் பலர் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். வட்டாரம் இல்லாததால் அவர்களைத் தேடிப் போகிறவர் குறைவு, போனால் காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

காலம் முக்கியம். அடுத்த வருடத்துக்கான வரவு செலவுத் திட்டத்தை சபை டிசம்பர் முடிவதற்குள் நிறைவேற்றியாக வேண்டும். அதற்கான பட்டியல் அதற்குப் பல வாரங்களுக்கு முன்பே தயாராகத் தொடங்கும். ஆகவே கடிதம் ஆகஸ்ட், செப்டம்பரில் சபையில் இருக்க வேண்டும். ஜனவரியில் கொண்டுபோனால் காசு ஏற்கெனவே பங்கிடப்பட்டிருக்கும். நிறைவேற்றுவதற்கு முன் வரைவு மக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது போய்ப் பாருங்கள். அதில் உங்கள் பாதை இல்லையென்றால், மாதக் கூட்டத்தில் எழுப்பச் சொல்லி உறுப்பினரைக் கேட்க அப்போதும் நேரம் இருக்கிறது.

சபையிடம் காசு குறைவு என்பதும் உண்மை. டவுன் சபைக்குக் கட்டடங்களிலிருந்து ஆதன வரி வருகிறது. தோட்டம் நிறைந்த சபைக்கு அந்த வருமானம் சிறிது. காணிக் கைமாற்றத்தின் முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும் மாகாணம் வழியாகத்தான் வந்து சேரும். அதனால்தான் முழுப் பாதையையும் கேட்காமல் மோசமான 60 மீற்றரைக் கேட்கச் சொல்கிறேன். மிச்சத்தை அடுத்த வருடம் கேட்கலாம்.

கடிதத்தைக் கொடுக்கும்போது உங்கள் பிரதியில் சபையின் முத்திரையும் திகதியும் வாங்குங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால் அந்தப் பிரதியோடு நேரில் போய்த் தொழில்நுட்ப உத்தியோகத்தர் எப்போது வருவார் என்று கேளுங்கள். அவர் வரும் நாளில் இரண்டு பேர் பாதையில் நிற்க வேண்டும். எல்லோரும் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போய்விட்டால் அவர் எந்தப் பாதையை அளப்பது?

அதற்கும் அசையவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். ஒவ்வொரு சபையிலும் ஒரு தகவல் உத்தியோகத்தர் இருக்க வேண்டும். "எங்கள் கடிதத்தின் மேல் எடுத்த நடவடிக்கை என்ன, இந்த வருடம் எந்தெந்தப் பாதைகளுக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது" என்று கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் கேட்டாலும் அதை அவர் எழுத்தில் பதிந்துகொள்ள வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் அதே சபையின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு, அங்கும் கிடைக்காவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு.

தகவல் கிடைத்து, வேலை மட்டும் நடக்கவில்லையென்றால் அந்தத் தகவலையும் முத்திரை வாங்கிய பிரதியையும் சேர்த்து மாகாண உள்ளூராட்சி ஆணையாளருக்கு அனுப்புங்கள், சபைகளை மேற்பார்வை செய்வது அந்தத் திணைக்களம். பதிவுத் தபாலில் போட்டு, துண்டைக் கடிதப் பிரதியோடு குத்தி வையுங்கள். தோட்ட விலாசத்துக்கு வரும் பதில்கள் ஆபீஸில் தங்கிவிடுவது உண்டு, ஆகவே கையெழுத்திட்டவர்களில் இரண்டு பேரின் தொலைபேசி இலக்கத்தைக் கடிதத்தின் அடியில் எழுதிவிடுங்கள்.