ஆட்கள் வெளிநாடு போகும் ஊரில் சிறுதொழிலை நடத்துவது எப்படி?

2022ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையிலிருந்து மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குச் சென்றனர். யாழ்ப்பாணத்தில் கராஜ், வெல்டிங் கடை, பேக்கரி நடத்துவோருக்கு இதனால் தொழில் தெரிந்த கை உடனே இல்லாமற் போகிறது; அந்தக் கை உழைத்த பணமோ வாடிக்கையாளர் வழியாகத் தாமதமாகவே கடைக்கு வருகிறது. இந்த இடைவெளியைக் கணக்கில் எடுத்தே திட்டமிட வேண்டும்.

வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்குக் கட்டுவதற்காக வாங்கிய வட்டிக் கடனையும் அடகு வைத்த நகையையும் மீட்பதிலேயே பலருக்கு முதலாண்டுச் சம்பளம் கரைந்துவிடுகிறது. ஆகவே, ஒரு வீட்டிலிருந்து ஒருவர் விமானம் ஏறிவிட்டார் என்பதற்காக, அவ்வீட்டாருக்குக் கடன் கொப்பியில் வரம்பை உயர்த்த வேண்டாம். ஆகஸ்ட் மாதத்தையொட்டி நல்லூர்த் திருவிழாவுக்குப் புலம்பெயர்ந்தோர் வரும்போது கிடைக்கும் விற்பனையையும் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். அதை நம்பி லீசிங்கில் வாகனம் எடுத்தால், தவணை மாதந்தோறும் வரும், வாடிக்கையாளர் வரமாட்டார்.

பணம் எந்த வழியில் வருகிறது என்பதும் கடைக்காரரைத் தொடும் விடயமே. வெளிநாட்டில் உழைப்போர் இலங்கைக்கு அனுப்பிய பணம் 2020இல் ஏறத்தாழ 710 கோடி டொலராக இருந்து, 2022இல் சுமார் 380 கோடியாகச் சரிந்தது; டொலரின் வங்கி விலைக்கும் வெளிச்சந்தை விலைக்கும் இடைவெளி விரிந்தபோது பலர் உண்டியலை, அதாவது வங்கிக்கு வெளியே தரகர் மூலம் பணம் அனுப்பும் வழியை, நாடியது இதற்கு ஒரு முக்கிய காரணம். நாட்டின் கையில் டொலர் இல்லாததால் எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் தட்டுப்பாடு ஏற்பட்டது. அடுப்பு எரியாத பேக்கரியில், ரூபாயோடு வந்தவருக்கும் பாண் இருக்கவில்லை. எனவே, உங்களுக்குத் தெரிந்தவர்களிடம் வங்கி வழியாக அனுப்பச் சொல்லுங்கள்.

வேலையாட்கள் விடயத்தில் ஒளிவுமறைவு மிகவும் கெடுதலானது. "தம்பி, எப்ப போற யோசனை?" என்று முகம் சுளிக்காமல் கேட்டுவிட்டால், சொல்லாமல் ஒருநாள் மறைவதற்குப் பதிலாக, மூன்று மாதம் முன்னரே சொல்லி இன்னொருவரைப் பழக்கிவிட்டுப் போவார். ஒவ்வொரு வேலையையும் இருவர் அறிந்திருக்க வேண்டும். அளவுகளும் மாவுக் கலவையும் ஒருவரின் நினைவில் மட்டும் இராமல் கொப்பியில் இருக்க வேண்டும். வளைகுடாச் சம்பளத்தை நம்மால் கொடுக்க இயலாது. ஆனால், ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி செலுத்த வேண்டிய 12 வீதத்தையும், ஊழியர் நம்பிக்கை நிதிக்குரிய 3 வீதத்தையும் தவறாமல் கட்டலாம். தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் கிடைத்தால் போய்விடுவார் என்று அஞ்சி அதைத் தடுப்பவர்கள் உண்டு. அது பிழை என்பதே என் உறுதியான கருத்து. போக நினைப்பவர் அது இல்லாமலும் போவார், மனக்கசப்போடு போவார்.

நல்ல முறையில் போனவரோடு தொடர்பை விடாதீர்கள். புதிய இயந்திரம் வாங்க நினைக்கும்போது முதலில் அவரிடம் கேளுங்கள். அவர் உங்கள் தொழிலில் முதல் போட விரும்பினால், போடும் தொகையையும் இலாபப் பங்கையும் நட்டம் வந்தால் யார் ஏற்பது என்பதையும் எழுத்தில் வைத்து, இருவரும் கையொப்பமிட்ட பின்னரே பணத்தைப் பெறுங்கள்.