புறாமலைக்குக் கமராவோடு போகிறீர்களா?

திருகோணமலையின் நிலாவெளிக் கரையிலிருந்து புறாமலைத் தீவு ஏறக்குறைய 1 கிலோமீற்றர்தான். மே முதல் செப்டம்பர் வரை கடல் பெரும்பாலும் அமைதி. காற்று எழும்பும் முன் காலையிலேயே படகேறிவிடுங்கள்.

லென்ஸில் கடல்நீர் தெறித்தால் உடனே தேய்க்காதீர்கள், உப்புப் பரல் கீறிவிடும். நல்ல தண்ணீரில் நனைத்த மென்துணியால் ஒற்றியெடுத்து, அப்புறம் உலர்ந்த துணியால் துடையுங்கள். இதற்காகவே ஒரு சின்னப் போத்தல் தண்ணீர் எப்போதும் என் பையில் இருக்கும்.

படகிலிருந்தே முருகைக்கற்களை (பவளப்பாறைகளை) படமெடுக்க, லென்ஸின் முன் மாட்டும் போலரைசர் என்ற வடிகட்டி போதும். நேர்கீழாக அல்லாமல் சாய்வாகக் குறிபார்த்து, அதன் வளையத்தை மெல்லத் திருப்புங்கள். நீரின் பளபளப்பு அடங்கி அடி தெரியும்.

ஸ்நோர்கலிங் செய்யும்போது நல்ல கோணம் கிடைக்கிறதென்று முருகைக்கல் மேல் காலூன்றவே வேண்டாம். அது உயிருள்ளது; ஒடிந்தால் மீண்டும் வளரப் பல ஆண்டுகள் பிடிக்கும்.