ஊர்வலத்தை எடுத்தால் போதாது: பில்சனுக்குக் கேமராவோடு போகிறவர்கள் செய்யும் தவறுகள்

சிகாகோவின் பில்சன், மெக்சிகோக் குடும்பங்கள் வேரூன்றிய பேட்டை. 'முஹேரெஸ் லத்தீனாஸ் என் அக்சியோன்' என்ற லத்தீனா (லத்தீன் அமெரிக்க வழிவந்த) பெண்கள் அமைப்பு 1973இல் அங்கேதான் தொடங்கியது. 1977இல் திறந்த பெனிட்டோ ஹுவாரெஸ் உயர்நிலைப் பள்ளியும் அங்குள்ள தாய்மார்கள் முன்னின்று போராடி வாங்கியது.

இப்படிப்பட்ட வேலையைப் பதிவு செய்ய வருபவர் மைக் பிடித்தவரையும் பதாகையையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஆறரை மணிக் கூட்டத்துக்கு ஐந்தரைக்கே போங்கள். மடக்கு நாற்காலி விரிப்பவர், பக்கத்து அறையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர், இவர்கள் இல்லாமல் கூட்டமே இல்லை. முடிந்த பிறகும் அரை மணி நேரம் இருங்கள். அடுத்து யார் யாருக்குப் போன் செய்வது என்று பேச்சு நடப்பது அப்போதுதான்.

கூடத்தில் பழைய ட்யூப்லைட் என்றால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 120 முறை மினுங்கும். ஷட்டர் வேகத்தை 1/60 அல்லது 1/125 நொடியில் வையுங்கள். நம்மூர் 50 ஹெர்ட்ஸுக்குப் பழகிய கை தானாக 1/100க்குப் போகும், கவனம். சத்தம் வராதே என்று எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டால் கோடு இன்னும் மோசமாகும்.

இதெல்லாம் சின்னத் தவறு. ஆளுக்கே ஆபத்தாவது ஒப்புதலில் காட்டும் அலட்சியம். கணவனின் அடிக்குத் தப்பி வந்தவரும், குடியேற்ற ஆவணம் இல்லாதவரும் அதே அறையில் இருக்கலாம். வாசலில் ஆங்கிலப் படிவம் நீட்டி ஒரு கையெழுத்து வாங்குவது ஒப்புதல் ஆகாது. ஸ்பானிஷில் தனித்தனியாகக் கேளுங்கள்: எடுக்கலாமா, அச்சிடலாமா, இணையத்தில் போடலாமா? பிறகு மனம் மாறினால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதும் படிவத்தில் இருக்கட்டும். சிலர் முகத்தை மங்கலாக்கிவிட்டு, பின்னால் வீட்டு எண்ணையும் கார் நம்பர் பிளேட்டையும் பிள்ளையின் பள்ளிச் சட்டையையும் அப்படியே விடுவார்கள். தேடி அலைகிறவனுக்கு அது போதும். வெளியிடும் பிரதியில், எடுத்த இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் விவரத்தையும் நீக்குங்கள்.

'லத்தீனா பெண்கள் போராட்டம்' என்ற படக்குறிப்பால் யாருக்கும் பயனில்லை. அதே சிகாகோவில் ஹம்போல்ட் பார்க் பக்கம் போர்ட்டோ ரிக்கோக்காரர்கள் அதிகம். அவர்கள் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள். குடியேற்றப் பிரச்சினையில் அவர்கள் நிற்கும் இடமும் பில்சன்காரர் நிற்கும் இடமும் ஒன்றல்ல. தெரு, தேதி, கோரிக்கை மூன்றையும் எழுதுங்கள். சம்மதித்தவர் பெயரை அன்றிரவே கேட்டு, அவர் சொல்லும் எழுத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

ஃபிலிமில் எடுப்பவர்கள் நெகட்டிவைப் பிவிசி உறையில் போட வேண்டாம். அதில் கசியும் வாயு ஃபிலிமைக் கெடுக்கும். பாலிபுரோப்பிலீன் உறை நல்லது. அமைப்புக்குக் கொடுக்கும் பிரிண்டின் பின்னால் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனாவை அழுத்தினால் முன்பக்கம் அந்த அம்மா முகத்தில் வரி விழும்.