ஹம்பியை நடந்து பார்க்க

விஜயநகரப் பேரரசின் தலைநகராக இருந்து, 1565-ஆம் ஆண்டுத் தலைக்கோட்டைப் போருக்குப் பின் சூறையாடப்பட்ட ஹம்பியை நிதானமாகப் பார்க்க இரண்டு முழு நாட்களாவது ஒதுக்க வேண்டும். ஹொஸ்பேட்டை ரயில் நிலையத்திலிருந்து 13 கிலோமீட்டர் தொலைவுதான். வெயில் கடுமை குறைந்திருக்கும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை செல்வதே நல்லது.

முதல் நாள் விடியுமுன் மாதங்க மலையேறிச் சூரிய உதயத்தைக் கண்டபின், இன்றும் வழிபாடு நடக்கும் விருபாட்சர் கோயிலுக்குச் செல்லுங்கள். அங்கே கருவறைக்குப் பின்னுள்ள இருட்டறையில், சுவரின் சிறு துளை வழியே நுழையும் ஒளி, ராஜகோபுரத்தைத் தலைகீழாக எதிர்ச்சுவரில் வீழ்த்துவதைத் தவறவிடாதீர்கள். பிறகு துங்கபத்திரைக் கரையோரமாக, கோதண்டராமர் கோயிலையும் அச்சுதராயர் கோயிலின் பாழடைந்த கடைவீதியையும் பார்த்துக்கொண்டே விட்டலர் கோயிலுக்கு நடக்கலாம். பலர் விட்டலர் கோயிலிலுள்ள கல்தேரைப் படமெடுத்ததும் திரும்பிவிடுகிறார்கள். உண்மையில் இந்த ஆற்றங்கரைப் பாதைதான் ஹம்பியின் உயிர். தாமரை மகால், யானைக் கொட்டில், மகாநவமி மேடை ஆகியவை தள்ளியிருப்பதால் பிற்பகலில் அவற்றுக்கு ஆட்டோவில் செல்வது கால்களுக்கு நல்லது.

மறுநாள் ஆற்றைக் கடந்து ஆனைகுந்தி கிராமத்துக்குச் செல்லுங்கள். பரிசலோ படகோ நீர்மட்டத்தைப் பொறுத்தே ஓடும் என்பதால் முந்தைய நாளே விசாரித்துக்கொள்ள வேண்டும். நெல்வயல்களுக்கும் வாழைத்தோட்டங்களுக்கும் இடையே நடக்கும்போது வரப்பில் பயிரை மிதிக்காமல் செல்வதும், போதிய குடிநீரும் தொப்பியும் வைத்திருப்பதும், இருட்டுமுன் அறைக்குத் திரும்புவதும் அவசியம்.